உறங்க ஓர் இடம், உரிமையே!

(திண்டுக்கல் பட்டிமன்றம். தலைப்பு: வீதியில் உறங்குவோருக்கு இன்று பெரிதும் தேவை இரக்கமா, உரிமையா? "உரிமையே" அணியின் இரண்டாம் பேச்சு.)



எனக்கு முன்னாடி பேசின எதிரணி அம்மா, ராத்திரி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் போர்வை கொடுத்த கதையைச் சொன்னாங்க. நீங்களும் கை தட்டினீங்க, நானும் தட்டினேன். நல்ல காரியம்தான். பதினோரு மணிக்குப் போர்வையைக் கொடுத்துட்டு நீங்க வீட்டுக்குப் போயிட்டீங்க. ரெண்டு மணிக்கு ஒரு லத்தி வந்து அந்தப் போர்வை மேல தட்டுதே, "ஏய், எந்திரி, இங்க படுக்கக் கூடாது"ன்னு, அப்ப அந்தப் பெரியவர் என்னம்மா பண்ணுவாரு? "எந்தச் சட்டத்துல இருக்கு"ன்னு கேக்குறதுக்கு அவர்கிட்ட என்ன இருக்கு? உங்க இரக்கம் அப்போ அங்கே இல்லை. அது வீட்ல தூங்கிட்டிருக்கு. (சிரிப்பு, கைதட்டல்)

இது பூட்டுக்குப் பேர் போன ஊர். நம்ம பூட்டு 2019-ல புவிசார் குறியீடே வாங்கிடுச்சு. ஆனா பூட்டுறதுக்குக் கதவே இல்லாத ஜனம் இந்த நாட்டிலே எவ்வளவு? 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி 17 லட்சத்து 73 ஆயிரம் பேர். அதிலே பாதிக்கு மேலே நகரங்களில். எப்படி எண்ணினாங்க தெரியுமா? பிப்ரவரி 28-ஆம் தேதி, ஒரே ராத்திரி. பாலத்துக்கு அடியிலே, பெரிய குழாய்க்குள்ளே, கோயில் மண்டபத்திலே, ரயில்வே பிளாட்பாரத்திலே போய் எண்ணினாங்க. அன்னிக்கு ராத்திரி எவனாவது விரட்டிவிட்டு, இருட்டிலே ஒதுங்கிப் படுத்தவர் கணக்கிலே வந்திருப்பாரா, நடுவர் அவர்களே?

எதிரணித் தலைவர், தமிழன் மரபே இரக்க மரபுன்னு முழங்கினார். உண்மைதான். இங்கேருந்து மேற்கே போனா ஒட்டன்சத்திரம், அதையும் தாண்டினா சத்திரப்பட்டி. ஊர்ப் பேரிலேயே சத்திரம் இருக்கு! வழிப்போக்கன் வந்தா படுத்துக்கலாம். ஆனா ஐயா, எல்லாச் சத்திரத்திலேயும் எல்லாச் சாதிக்காரனும் படுக்க முடிஞ்சுதா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. முடியலை. அதுதான் இரக்கத்தோட லட்சணம். யாருக்குக் கொடுக்கணும், யாருக்குக் கூடாதுன்னு கொடுக்கிறவன் முடிவு பண்ணுவான். உரிமைன்னு வந்துட்டா அந்தத் தேர்வு அவன் கையிலே கிடையாது. (கைதட்டல்)

ஒரு தமிழன் கதை சொல்றேன். கதை இல்லை, உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கு. சேலத்திலே நிலமில்லாத கூலித் தொழிலாளி ஒருத்தர். 1961-ல பிழைப்புத் தேடி பம்பாய் போனார். ஒரு ரசாயனக் கம்பெனியிலே தினக்கூலி 23 ரூபாய். நடைபாதையிலே பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போட்ட ஒரு குடிசை. அதுக்கு ஒரு பேட்டை தாதாவுக்கு 2,500 ரூபாய் அழுதிருக்கார். மனைவி, மூணு பெண் குழந்தைகள். 1981 ஜூலை மாசம், பம்பாய் கொட்டுற மழையிலே, குடிசையைப் பிரிச்சு எறிஞ்சு, குடும்பத்தோட பஸ்ஸிலே ஏத்தி, "போ, உன் சேலத்துக்கே போ"ன்னு அனுப்பிட்டாங்க. ஏத்திவிட்டவங்களுக்கு ஒரு திருப்தி, ஊர் சுத்தமாயிடுச்சுன்னு. சேலத்திலே வேலை இருந்தா அவர் ஏங்க பம்பாய்க்குப் போறார்? திரும்பி வந்தார். மறுபடி நடைபாதை. ஆனா இந்தத் தடவை கோர்ட்டுக்கும் போனார்!

ஓல்கா டெலிஸ்ங்கிற பத்திரிகையாளரும் வழக்குப் போட்டாங்க. 1985 ஜூலை 10-ல அஞ்சு நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னாங்க. பிழைப்பைப் பறிச்சா உயிரைப் பறிச்ச மாதிரி, வாழும் உரிமைக்குள்ளே வாழ்வாதாரமும் அடக்கம்னாங்க. எதிரணி வக்கீல் சார் சிரிக்கிறார், "மிச்சத்தையும் சொல்லுய்யா"ன்னு. சொல்றேன் சார், மறைக்கலை. நடைபாதையை ஆக்கிரமிக்க யாருக்கும் உரிமை இல்லை, முறையா நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம்னும் அதே தீர்ப்பு சொல்லுது. மழைக்காலம் முடியட்டும்னு அக்டோபர் 31 வரைக்கும் தவணை கொடுத்தது. முழு வெற்றி இல்லைதான். ஆனா அந்தச் சேலத்துக்காரர் பிச்சை கேட்டு அங்கே நிக்கலை. மனுதாரரா நின்னார்.

அந்தத் தீர்ப்பைச் சொன்ன தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட். அவர் மகன் டி.ஒய். சந்திரசூட் இருந்த அமர்வு கிட்ட 2021-ல, தெருவிலேருந்து பிச்சைக்காரங்களை அப்புறப்படுத்தணும்னு ஒரு மனு வந்தது. வேற வழி இல்லாமத்தானே தெருவுக்கு வர்றாங்க, நாங்க மேட்டுக்குடிப் பார்வை பார்க்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க.

சரி, விரட்டாதேன்னு மட்டும் சொன்னா போதுமா? படுக்க இடம் வேணுமே. 2013-ல தொடங்கின தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் ஒரு கணக்குப் போட்டுது. ஒரு லட்சம் ஜனத்தொகைக்கு நூறு பேராவது தங்குற மாதிரி நிரந்தர விடுதி. ஆளுக்கு 50 சதுர அடி. ஒரு கட்டிலைப் போட்டு, பக்கத்திலே பையை வச்சா முடிஞ்சுது, அவ்வளவுதான் கேக்குறோம். 2011-ல நம்ம திண்டுக்கல் நகராட்சி ஜனத்தொகை 2 லட்சத்து 7 ஆயிரம். 2014-ல மாநகராட்சியாவும் ஆயிட்டோம். அப்ப இந்த ஊர் எத்தனை பேருக்கு இடம் வைக்கணும்? இருநூறு பேருக்கு! இது தர்மம் இல்லீங்க, கணக்கு.

மனநிலை சரியில்லாம அலையுறவங்களைக் கல்லெடுத்து விரட்டுறோமே, 2017 மனநலச் சட்டம் என்ன சொல்லுது தெரியுமா? போலீஸ் அவங்களைப் பாதுகாப்பிலே எடுத்தா, 24 மணி நேரத்துக்குள்ளே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போகணும். லாக்கப்பிலே வைக்கவே கூடாது. காணாமல் போனவர்னு எஃப்.ஐ.ஆர். போட்டு, குடும்பத்தைத் தேடணும். நீங்க போர்வையைப் போர்த்திட்டு நகர்ந்துடுறீங்க. நாங்க, அந்தத் தாயோட பேரைக் கண்டுபிடின்னு சட்டத்தைக் கேக்குறோம். (பலத்த கைதட்டல்)

மணி அடிச்சுட்டீங்க. ஒரே நிமிஷம், நடுவர் அவர்களே. வீடே இல்லாதவர் வாக்காளர் பட்டியல்ல சேரலாம்னு எத்தனை பேருக்குத் தெரியும்? முகவரிச் சான்று கேக்கக் கூடாது. படுக்கிற இடத்தைப் படிவத்திலே எழுதிக் கொடுத்தா, தேர்தல் அலுவலர் ராத்திரியிலே வந்து, ஒரு தடவைக்கு மேலே வந்து, அவர் நிஜமாவே அங்கேதான் தூங்குறாரான்னு பார்க்கணும். ஒரு அரசாங்க ஊழியர் அந்தத் தூக்கத்தைப் பார்த்து "வாக்காளர்"னு எழுதுறார். இன்னொரு அரசாங்க ஊழியர் அதே தூக்கத்தைப் பார்த்து லத்தியை ஓங்குறார். ரெண்டு பேருக்கும் சம்பளம் நம்ம வரிப் பணத்துலதான். அது ஆறாம் எண் படிவம். நாளைக்கு ராத்திரி போர்வையோட போகும்போது, அம்மா, அதிலேயும் நாலு எடுத்துட்டுப் போங்க.