சுடாதவனின் போர்க்களம்



போர்ப் படம் பார்க்கும்போது நாயகன் எத்தனை பேரை வீழ்த்தினான் என்று எண்ணியே பழகிவிட்டோம். எத்தனை பேரைக் காப்பாற்றினான் என்று எண்ண வைத்த படம் ஒன்று உண்டு. மெல் கிப்சன் 2016-இல் இயக்கிய 'ஹாக்சா ரிட்ஜ்'. நாயகன் டெஸ்மண்ட் டாஸ், உண்மையில் வாழ்ந்தவர். அமெரிக்கப் படையின் மருத்துவ உதவியாளர். கொல்வது பாவம் என்ற நம்பிக்கையால் ஆயுதம் ஏந்த மறுத்தவர்.

1945, ஜப்பானின் ஒகினாவா தீவு. மேடா என்ற செங்குத்துப் பாறையின் உச்சியில் கடும் சண்டை. படை பின்வாங்கிக் கீழே இறங்கிவிட்டது. காயம்பட்டவர்கள் மேலேயே கிடக்கிறார்கள். டாஸ் இறங்கவில்லை. ஒவ்வொருவராக விளிம்புவரை இழுத்து வருகிறார். கயிற்றில் இரட்டைக் கண்ணி முடிந்து, இரு கால்களையும் அதில் நுழைத்து, மார்பைச் சுற்றிக் கட்டி, மெல்ல மெல்லக் கீழே விடுகிறார். கயிறு உரசி உள்ளங்கைத் தோல் உரிகிறது. இன்னும் ஒருவரைக் கொடு என்று கடவுளிடம் கேட்டபடி மறுபடியும் ஓடுகிறார். காப்பாற்றியது 50 பேர் இருக்கும் என்றார் அவர். 100 பேர் என்றது ராணுவம். கடைசியில் 75 என்று பதிவானது. பின்னொரு நாள் குண்டு பாய்ந்து கை எலும்பு நொறுங்கியபோது, ஒரு துப்பாக்கியின் கட்டையைத்தான் கையோடு வைத்துக் கட்டிக்கொண்டார். துப்பாக்கி அவருக்குப் பயன்பட்டது அப்படி!

இத்தனை உயர்ந்த படத்தில் ஒரு பெருங்குறை எனக்குப் படுகிறது. அந்தத் தீவில் மக்கள் வாழ்ந்தார்களே, அவர்கள் எங்கே? அந்தப் போரில் ஒகினாவா மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் மாண்டார். கிப்சனின் கேமரா அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. காயத்துக்குக் கட்டுப்போடும் கையைக் காட்டினால் மட்டும் மனிதாபிமானம் நிறைவடையாது. யார் வீட்டு வாசலில் போர் நடக்கிறது என்பதையும் காட்ட வேண்டும்.

காட்டிய படம் இருக்கிறது. ததாஷி இமாய் 1953-இல் எடுத்த 'ஹிமேயுரி நோ தோ'. அதே ஒகினாவாவில், குகை மருத்துவமனைகளில் தாதியராக நிறுத்தப்பட்ட பள்ளி மாணவிகளின் கதை. மாணவிகளும் ஆசிரியர்களுமாக 240 பேர் போனார்கள். 136 பேர் திரும்பவில்லை. தோல்வி உறுதியானதும், குண்டுமழைக்கு நடுவே அந்தப் பிள்ளைகளைக் குகையைவிட்டு வெளியே அனுப்பியது ஜப்பானியப் படை. பெரும்பாலோர் இறந்தது அதற்குப் பிறகுதான்.

நம் திரைப்படச் சங்கத்தாரை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்: இந்த இரண்டு படங்களையும் ஒரே நாளில், அடுத்தடுத்துத் திரையிடுங்கள். கல்லூரிப் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.