கணினி எழுதிவைக்கும் குறிப்பைப் படியுங்கள்

(மாணவர், பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

லேப்டாப் பாதியில் நின்றுவிட்டால் நம்மில் பலர் உடனே கடைக்குக் கொண்டுபோய், எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடச் சொல்கிறோம். பிள்ளையின் ப்ராஜெக்ட்டும், ஸ்காலர்ஷிப்புக்கு ஸ்கேன் செய்து வைத்த சான்றிதழ்களும் அதோடு போய்விடுகின்றன. ஜமாஅத் கணக்கில் வித்தியாசம் வந்தால் ஏட்டையா கிழிப்போம்? வித்தியாசம் தொடங்கிய தேதியைத் தேடுவோம். கணினிக்கும் அப்படி ஒரு நாள்வழி ஏடு உண்டு. அதன் பெயர் 'லாக்'.

2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பழுதான கோப்பு 'சிஎஸ்ஏஜென்ட்' என்று அந்த நீலத்திரையிலேயே இருந்தது. அது கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுடையது. அந்நிறுவனம் அனுப்பிய தவறான அப்டேட் கோப்பை 'சேஃப் மோடில்' போய் நீக்கியதும் கணினிகள் எழுந்தன.

நம் வீட்டில் செய்யவேண்டியது இதுதான். கோளாறு வந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 'ஈவன்ட் வியூவர்' என்று தேடித் திறந்து, 'விண்டோஸ் லாக்ஸ்' என்பதன் கீழ் 'சிஸ்டம்', 'அப்ளிகேஷன்' இரண்டிலும் அந்த நேரத்துக்குச் சற்று முன்னால் உள்ள வரிகளைப் பாருங்கள். பின்னால் வரும் பிழைகள் பெரும்பாலும் முதல் பிழையின் விளைவுகளே. 'கெர்னல் பவர் 41' என்றிருந்தால், கணினி முறையாக அணைக்கப்படாமல் நின்றது என்றுதான் பொருள்; சார்ஜரையும் பேட்டரியையும் முதலில் பாருங்கள். 'டிஸ்க்' என்ற பெயரில் 'பேட் பிளாக்' என்றிருந்தால், வேறு எதையும் தொடாமல் முதலில் கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். புரியாவிட்டால் ஈவன்ட் எண்ணைப் படம் பிடித்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நன்றாக ஓடும் கணினியிலும் அங்கே சிவப்புக் குறிகள் இருக்கும். மோசடிக்காரர்கள் போனில் அழைத்து, அதே பக்கத்தைத் திறக்கச் சொல்லி, "எல்லாம் வைரஸ்" என்று மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள். எந்த நிறுவனமும் கேட்காமலே அழைத்து உங்கள் கணினியைப் பழுதுபார்க்காது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள்.

தாய்மார்களே, இதைப் பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த அழைப்பு பகலில், நீங்கள் தனியாக இருக்கும்போதும் வரலாம்.