பில்சன் நகரத்துப் பொன்னிறப் பியர்



பள்ளிக்கூடத்து அதிபர் ஒருவர் வானொலியிலே பியரைப் பற்றிப் பேசுவதா என்று வியப்படைய வேண்டாம். யான் குடியைப் புகழ வந்தேனல்லேன். ஓர் ஊரின் பெயர் எவ்வாறு ஊராரின் கையைவிட்டு அகன்றது என்பதையே கூற விழைகின்றேன்.

செக் நாட்டின் மேற்கே, பொகீமியாவில், பில்சன் என்னும் நகரம் உளது. 1295ஆம் ஆண்டளவில் இரண்டாம் வென்செஸ்லாஸ் மன்னன் அதனை நிறுவி, குடிமக்களுக்குப் பியர் காய்ச்சும் உரிமையையும் அளித்தான். உரிமை நிலைத்தது, தரம் நிலைக்கவில்லை. 1838இல் பொறுமையிழந்த நகரத்தார், கெட்டுப்போன 36 பீப்பாய்ப் பியரை நகர மண்டபத்தின் முன்னே கொட்டிவிட்டனர் என்பர். அதனோடு அமையாது, உரிமை பெற்ற குடிமக்கள் மறு ஆண்டே ஒன்றுகூடிப் பொது ஆலை ஒன்றை அமைக்கத் தீர்மானித்தனர். கொட்டிய கையே கட்டவும் முனைந்தது. இதனை யான் பெரிதும் மதிக்கின்றேன்.

ஆலைக்குப் பவேரியாவிலிருந்து யோசெப் குரோல் என்பவர் அழைக்கப்பட்டார். 1842 ஒக்டோபர் 5ஆம் நாள் அவர் தமது முதற் பியரைக் காய்ச்சியபோது அவருக்கு வயது 29. குளிரிலே மெல்லப் புளித்து அடியிற் படியும் மதுவத்தைப் பயன்படுத்தி, பியரை நிலவறையில் நெடுநாள் வைத்திருப்பது பவேரிய முறை. சேமித்து வைத்தல் என்னும் பொருளுடைய ஜெர்மன் சொல்லே 'லாகர்' என்னும் பெயருக்கு மூலம். ஆயினும் பவேரியப் பியர் கருநிறமானது. பில்சனிலோ, முளைகட்டிய வாற்கோதுமையைக் கருகவிடாது வெளிறிய நிறத்திலேயே உலர்த்தினர். உப்புச் செறிவு மிகக் குறைந்த அவ்வூர் நீரும், சாட்ஸ் பகுதியின் நறுமணமுள்ள ஹொப் பூவும் அதனோடு சேர்ந்தன. நவம்பர் 11ஆம் நாள், மார்ட்டின் திருநாளன்று, மக்கள் கையிற் பெற்றது பொன்போல் தெளிந்த பானம். பொகீமியா கண்ணாடித் தொழிலுக்குப் பேர்பெற்ற நாடன்றோ! மண்சாடியில் மறைந்திருக்கக்கூடிய நிறம் கண்ணாடிக் கிண்ணத்திலே ஒளிர்ந்தது.

குரோல் அங்கு நெடுங்காலம் இருக்கவில்லை. 1845இல் ஒப்பந்தம் முடிய, தம் ஊராகிய வில்ஸ்ஹோபனுக்கு மீண்டார், 1887இல் மறைந்தார்.

பிற நாட்டு ஆலைகள் அம்முறையைக் கைக்கொண்டதோடு அப்பெயரையும் எடுத்துக்கொண்டன. 1859இல் ஆலையார் 'பில்சனர்' பெயரைப் பதிவு செய்தனர், பயன் சிறிதே. எங்கே காய்ச்சினும் வெளிறிய அவ்வகைப் பியர் 'பில்சனர்' எனப்பட்டது. எனவே 1898இல், மூல ஊற்று என்னும் பொருள்பட 'ஊர்குவெல்' என்ற சொல்லையும் சேர்த்துப் பதிந்தனர். தம் ஊரின் பெயருக்குத் தாமே சான்று கூறவேண்டிய நிலை அவர்களுக்கு வந்தது. இன்றும் அப்போத்தலின் மீது அவ்விரு சொற்களும் சேர்ந்தே காணப்படுகின்றன.