பால் துறந்த தாயும் கைக்குழந்தையும்

(நமது சங்கத்து மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், நம் குடும்பங்கள் சிலவற்றில் அண்மையில் தோன்றி வளர்ந்துவரும் ஒரு புதுவழக்கத்தைப் பற்றியதாகும். புலால் மறுத்தல் நமக்குப் புதிதன்று. பால், தயிர், மோர், நெய் ஆகியவற்றையும் அறவே நீக்கி உண்ணுதலே புதிது. 1944-ஆம் வருஷத்தில் இங்கிலாந்து தேசத்து டொனால்ட் வாட்சன் என்பாரும் அவர்தம் நண்பர்களும் ஒரு சங்கம் கண்டு, இவ்வுணவு நெறியினர்க்கு 'வீகன்' என்று பெயரிட்டனர். இக்காலத் தமிழர் இந்நெறியை நனிசைவம் என்பர். கறவைத் தொழிலில் பசுவும் கன்றும் படும் துன்பத்துக்கு இரங்கி நம் பெண்மக்களுள் சிலர் இதனை மேற்கொள்ளுகின்றனர். அவருள்ளும் கைக்குழந்தைக்குப் பாலூட்டுவோரைக் குறித்தே நாம் பேச விரும்புகிறோம்.

இத்தகைய வீடுகளில் இரண்டு தவறான எண்ணங்கள் எதிரெதிர் நிற்கின்றன. "பால் குடியாதவளுக்குப் பால் சுரக்குமா?" என்பது மாமியார் கேள்வி. பசு பாலைக் குடித்தா பால் சுரக்கிறது? குழந்தை அடிக்கடி வாய்வைத்துக் குடிக்கக் குடிக்கவே தாய்க்குப் பால் ஊறும். வயிறார உணவும் வேண்டிய அளவு நீரும் அவளுக்குக் கிடைத்தல் வேண்டும். "தானியத்திலும் கீரையிலும் எல்லாச் சத்தும் உண்டு" என்பது மருமகளின் மறுமொழி. இதுவும் பிழையே, பிழைகள் இரண்டனுள் இதுவே குழந்தைக்குக் கேடு தருவது.

எல்லாச் சத்தும் இருக்கலாம். பி12 என்னும் ஜீவசத்து மட்டும் இல்லை. 1948-ல் அறிஞர்கள் தனியே பிரித்தெடுத்த இச்சத்தினை நுண்கிருமிகளே ஆக்குகின்றன. புலால், முட்டை, பால் வாயிலாக அது மனிதரை அடைகிறது. செடிகொடிகள் இதனைத் தருவதில்லை; புளித்த இட்லி மாவையும் இதற்கென நம்புதற்கில்லை. பெரியவர் உடலில் இதன் சேமிப்பு சில வருஷங்கள் வரை தாங்கும். ஆதலின் தாய் தன்னிடத்து யாதொரு குறையும் காணாள். சேமிப்புக் குறைந்து பிறந்த சிசுவோ, தாய்ப்பாலில் அச்சத்து இல்லையேல் சில மாதங்களிலேயே வாடும். மேலும், கீரைகளில் மிகுந்துள்ள போலிக் அமிலம் சோகையை மறைத்துவிடக் கூடும்; நரம்பின் கேடோ உள்ளே வளரும்.

இஃது அயல்நாட்டார் கதையன்று. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இந்நோயுற்ற கைக்குழந்தைகளை ஆராய்ந்து 1962-ல் 'லான்செட்' பத்திரிகையில் எழுதினர். தாய்ப்பாலுண்டு வளர்ந்த அக்குழந்தைகள் உற்சாகம் குன்றி, கற்ற செயல்களையும் மறந்து, சோகையுற்று, தோல் கறுத்துக் காணப்பட்டன. தாமாகவே உடல் அசைந்து நடுங்குவதும் உண்டு. அத்தாயர் பாலிலும் இச்சத்துக் குறைந்திருந்தது. பி12 அளித்தபின் குழந்தைகள் தேறின. காலந் தாழ்த்தினால் மூளை வளர்ச்சியில் நீங்காக் குறை தங்கிவிடவும் கூடும். 'வீகன்' என்னும் சொல் நம் ஊர்களில் வழங்காத அந்நாளிலேயே இந்நிலை இருந்ததாதலால், மோர் சிறிதளவே உண்டு வாழும் சைவ வீட்டாரும் 'இது நமக்கன்று' என்று வாளா இருத்தலாகாது.

செய்யத்தக்கது யாது? பாலைத் துறக்குமுன் மருத்துவரை அடுத்து இரத்தத்தைச் சோதித்துக்கொள்க. பி12 மாத்திரையை ஒழுங்காக உட்கொள்க. இங்கிலாந்து வீகன் சங்கத்தாரே, நாள்தோறும் 10 மைக்ரோகிராமேனும் உட்கொள்ளும்படி தம்மவர்க்கு அறிவுறுத்துகின்றனர். நெறியை நிறுவியோரே ஏற்றதனை நாம் மறுப்பானேன்? சுண்ணாம்புச்சத்துக்குக் கேழ்வரகும் எள்ளும் உள்ளன. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. பருப்பு, பயறு, கொண்டைக்கடலை ஆகியவற்றை நாள்தோறும் சேர்க்க. கீரையுடன் எலுமிச்சைச் சாறு சேரின் இரும்புச்சத்து நன்கு உடலிற் சேரும். அயோடின் சேர்ந்த உப்பையே வழங்குக. வைட்டமின் டி குறித்தும் மருத்துவரைக் கேட்டறிக.

குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பாலே உணவு. பின்னர்க் கூழும் பருப்புச் சோறும் தொடங்கினும், இரண்டு வயது வரையிலும் அதற்கப்பாலும் தாய்ப்பால் நீடிக்கலாம். தாய்ப்பால் போதாதவிடத்து, சிசுக்களுக்கென்றே செய்யப்பட்ட மாவுப்பாலை மருத்துவர் சொற்படி கொடுக்க. தேங்காய்ப்பாலோ, பாதாம்பாலோ, கடையில் விற்கும் சோயாப்பாலோ அதற்கு ஈடாகா. ஒரு வயதுக்குள் பசும்பாலும் ஈடாகாது என்பதனை மூத்தோர் நினைவிற் கொள்க. திட உணவு தொடங்கிய குழந்தைக்கும் பி12 வேண்டுமா என மருத்துவரிடம் கேட்டல் கடன்.

பெரியோர்களே! மருமகளின் இரக்கத்தை எள்ளாதீர்கள். எள்ளினால் அவள் உங்களிடம் ஒன்றும் கூறாள். மாத்திரை உண்டனளா என்று கேட்கும் உரிமையையும் இழப்பீர்கள். இளந்தாய்மார்களே! கன்றுக்கு இரங்கும் நெஞ்சு போற்றற்குரியது. ஆயினும், விரதம் பூண்டவர் நீங்கள். மடியிலிருக்கும் மகவு அன்று. அதன் பங்கைச் செலுத்திவிட்டே விரதத்தை நடத்துங்கள். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, கற்றதை மறந்தாலோ, நடுங்கினாலோ, ஒருநாளும் தாமதியாமல் மருத்துவரிடம் கொண்டுசென்று, தாயின் உணவு இன்னதென்பதை மறையாது உரையுங்கள்.

நம் சமூகத்துக் குழந்தைகள் யாவும் திடகாத்திரமாய் வளர்வனவாக.