டியூப் இல்லாத சைக்கிள் சக்கரம்: வீட்டில் செய்யலாமா?

(கொழும்பில் தொழில் செய்யும் தோட்டத்துப் பிள்ளைகள் வெள்ளவத்தையில் கூடிய ஞாயிற்றுக்கிழமை நாம் பேசியது. ஊரில் இருக்கும் பெற்றோரும் வாசிக்கட்டும் என்று இங்கே தருகிறோம்.)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் நாம் ஊழியர் சேமலாப நிதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை என்றுதான் பேசுவோம். இன்றைக்குச் சைக்கிள் டயர் என்றதும் பின்வரிசையில் இரண்டு தம்பிமார் சிரிக்கிறது தெரிகிறது. சிரிங்க, பரவாயில்லை. ஆனால் காலி வீதியிலும், கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதிப் பக்கமும் பலசரக்குக் கடையிலும் சாப்பாட்டுக் கடையிலும் நிற்கிற நம்ம பிள்ளைகளில் எத்தனை பேர் சைக்கிளை நம்பிச் சம்பாதிக்கிறீங்க என்று கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சாமான் கொண்டு போகிற வழியில் பஞ்சர் ஆனால் அன்றைக்குப் பாதி நாள் போயிற்று. தோட்டத்தில் அரைப் பேர் போட்ட கதைதான். முதலாளி முகம் சுளிப்பது வேறு கணக்கு.

2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாடு யாருக்கும் மறந்திருக்காது. ஜூன் 27ஆம் திகதி, அத்தியாவசிய சேவைகள் தவிர மற்ற யாருக்கும் பெற்றோல் டீசல் இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. கோட்டும் சூட்டும் போட்டவர்கள்கூட அப்போது சைக்கிளில் போனார்கள். சைக்கிள் விலையும் எட்டாத உயரத்துக்கு ஏறியது. அந்த நேரத்தில் கடன்பட்டு வாங்கிய மவுன்டன் சைக்கிள்கள்தான் இன்றைக்கும் பல பேரிடம் இருக்கிறது. சில பேர் அதை ஊருக்கு அனுப்பி, தம்பி பள்ளிக்கூடம் போக வைத்திருக்கிறீங்க. அந்தச் சைக்கிளைத்தான் இப்போது “டியூப்லெஸ் ஆக்கலாமா சார்?” என்று எங்களிடம் கேட்கிறீங்க. இரண்டு மூன்று மாதமாக இதே கேள்வி. ஆகவே விசாரித்து, செய்கிறவர்கள் பக்கத்தில் நின்று பார்த்து, தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

முதலில் விஷயம் என்ன என்று பார்ப்போம். 1888இல் டன்லப் என்ற மிருக வைத்தியர் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரத்தில் தன் மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்று அடைத்த டயர் செய்து போட்டார். அதற்குப் பிறகு வெகுகாலம், உள்ளே டியூப், வெளியே டயர் என்றுதான் ஓடினோம். 1950களில் கார்களுக்கு டியூப் இல்லாத டயர் பரவலாக வந்தது. மவுன்டன் சைக்கிளுக்கு 1999இல் பிரான்ஸ் நாட்டு மாவிக் கம்பெனி அதற்கென்றே ஒரு முறையைக் கொண்டு வந்தது. டயரின் ஓரம் ரிம்மின் ஓரத்தில் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். அந்த இறுக்கம்தான் காற்றைப் பிடிக்கிறது. சின்ன ஓட்டை விழுந்தால் உள்ளே ஊற்றியிருக்கும் பால் ஓட்டைக்குள் போய் உறைந்து அடைத்துவிடும்.

பால் என்று ஏன் சொல்கிறோம் தெரியுமா? கடையில் “சீலன்ட்” என்று விற்கிற அந்தத் தண்ணி பெரும்பாலும் இறப்பர் பால்தான். 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்து ஹெனரத்கொடவில் நட்ட கன்றுகளின் பரம்பரை. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் இறப்பர் தோட்டங்களில் நம்ம சனம் விடியற்காலையில் வெட்டி எடுக்கிற அதே பால்தான். அசிட் ஊற்றினால் உறையும், அமோனியா போட்டால் உறையாமல் நிற்கும் என்பது அங்கே வேலை செய்த ஒவ்வொருவருக்கும் தெரியும். சைக்கிள் பாலிலும் அதே வித்தை. பாலோடு அமோனியா, காயாமல் இருக்கக் கிளைக்கோல், ஓட்டையில் சிக்குவதற்குச் சின்னத் துகள்கள். கேகாலையில் வெட்டிய பால் வெளிநாடு போய், போத்தலில் லேபிள் ஒட்டி, நாலு மடங்கு கனமான விலையோடு திரும்பி வந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சரி, அதை விடுவோம்.

எந்தச் சக்கரத்துக்குச் செய்யலாம் என்பதுதான் பெரிய கேள்வி. அப்பாமார் ஓட்டிய 28 அங்குல இரும்பு ரிம் சைக்கிளுக்கு இது வேண்டவே வேண்டாம். அந்த ரிம்மும் அந்த டயரும் டியூப்புக்கென்றே செய்தவை. அலுமினிய ரிம் உள்ள மவுன்டன் சைக்கிளில்தான் பேச்சுக்கே இடம் உண்டு. அதிலும் ரிம்மிலும் டயரிலும் “டியூப்லெஸ் ரெடி” என்று அச்சிட்டிருந்தால் கவலை குறைவு. டயரில் மட்டும் இருந்து ரிம்மில் இல்லாவிட்டால் செய்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், கவனம் வேண்டும். இரண்டிலும் இல்லையென்றால், தம்பிமாரே, விட்டுவிடுங்க. சாதாரண டயரின் ஓரக் கம்பி இழுபட்டால் வளைவில் திரும்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்று வரும். காலி வீதியில் பஸ்ஸுக்கு முன்னால் அப்படி ஆனால் என்ன என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

பிரேக் கட்டை தேய்த்துத் தேய்த்து ரிம்மின் பக்கச் சுவர் குழிந்து போயிருந்தாலும் செய்யக் கூடாது. விரலால் தடவிப் பார்த்தாலே குழி தெரியும். மரைன் டிரைவில் கடல் காற்றில் நிற்கிற சைக்கிள் என்றால் கம்பி முனைகளில் துருவும் பார்த்துக்கொள்ளுங்க.

இப்போது வேலை. டயர், டியூப், உள்ளே இருக்கிற பழைய இறப்பர் பட்டி எல்லாவற்றையும் கழற்றி, ரிம்மை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் காய விடணும். எண்ணெய்ப் பசை இருந்தால் டேப் பிடிக்காது. டியூப்லெஸ் டேப் ரிம்மின் உள் அகலத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீற்றர் கூடுதலாக இருக்க வேண்டும். வால்வ் ஓட்டைக்கு எதிர்ப்பக்கத்தில் ஆரம்பித்து, நன்றாக இழுத்துப் பிடித்து, இரண்டு சுற்று. வயரிங் வேலைக்கு வாங்குகிற கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டு “காத்து நிக்குதில்லையே” என்று வருகிறவர்கள்தான் அதிகம். அது காற்றின் அழுத்தத்தில் கம்பி ஓட்டைக்குள் இறங்கிவிடும். வால்வ் ஓட்டையைக் கத்தியால் வெட்டாமல், சின்ன ஆணியைச் சுட வைத்துக் குத்தினால் டேப் கிழியாது. பிறகு இறப்பர் அடி உள்ள டியூப்லெஸ் வால்வை உள்ளேயிருந்து மாட்டி, வெளியே நட்டைக் கையால் இறுக்குங்க. குறடு போட வேண்டாம்.

டயரை மாட்டி, ஓரமெல்லாம் சவர்க்காரத் தண்ணி தடவுங்க. வால்வின் உள் ஊசியைக் கழற்றிவிட்டு ஒரே மூச்சில் காற்று அடிக்கணும். கால் பம்பில் பல நேரம் வராது. டயர் ஒட்டும் கடைக்குத்தான் போக வேண்டியிருக்கும். டயர் ஓரம் ஏறி உட்காரும்போது “டப், டப்” என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் நல்ல சத்தம்.

இந்த இடத்தில்தான் ஆபத்தும். கடைக்காரருடைய காற்றுத் தொட்டியில் 100 இறாத்தலுக்கு மேல் அழுத்தம் இருக்கும். லொறி டயருக்கு அடித்துப் பழகிய கை. கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு தம்பி “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். டயர் பிய்த்துக்கொண்டு போய் முகமெல்லாம் பால். இரண்டு நாள் காதும் கேட்கவில்லை. கண் தப்பியது புண்ணியம். ரிம்மில் ஒரு அளவும் டயரில் ஒரு அளவும் அச்சிட்டிருந்தால் குறைந்த அளவுக்கு மேல் போகாதீங்க. ரிம்மில் டியூப்லெஸ் அடையாளம் இல்லையென்றால் 40 இறாத்தலோடு நிறுத்துங்க. அதற்குள் உட்காராவிட்டால் காற்றை இறக்கி மறுபடி சவர்க்காரம் தடவுங்க. முகத்தைத் தள்ளி வையுங்க. பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீங்க.

உட்கார்ந்த பிறகு காற்றை விட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சால் வால்வ் வழியாகப் பால் ஏற்றுங்க. 26 அங்குலச் சக்கரத்துக்கு 60 முதல் 80 மில்லிலீற்றர், 29க்கு 100 அளவில். போத்தலை நன்றாகக் குலுக்கின பிறகு எடுக்கணும், துகள் அடியில் தங்கிவிடும். மறுபடி காற்றடித்து, சக்கரத்தைச் சுழற்றி, பக்கவாட்டில் ஆட்டி, வாளி மேல் ஒரு பக்கம் கொஞ்ச நேரம், மறுபக்கம் கொஞ்ச நேரம் படுக்க வையுங்க. முதல் நாள் காற்று இறங்கும். பயப்பட வேண்டாம், பால் இடுக்கு தேடிப் போகிறது. பிரேக்கில் பால் படாமல் பார்த்துக்கொள்ளுங்க. உடுப்பில் பட்டால் போகாது என்பதை இறப்பர் தோட்டத்து அம்மாமாரிடம் கேளுங்க.

20 அங்குல டியூப்பை நடுவால் நீளமாகக் கிழித்து, 26 அங்குல ரிம்மின் மேல் விரித்து, அதன் மேல் டயர் போடுகிற வழியும் ஒன்று இருக்கிறது. டேப்பும் வேண்டாம், தனி வால்வும் வேண்டாம், மலிவு. கெட்டிக்கார வேலைதான். ஆனால் வழியில் டயரைக் கழற்றினால் அந்தக் கிழித்த டியூப்பை மறுபடி ஒழுங்காக உட்கார வைக்க முடியாது. தினமும் சாமான் ஏற்றுகிற சைக்கிளுக்கு நாம் அதைச் சொல்லமாட்டோம்.

செய்து முடித்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீங்க. கொழும்பு வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் உள்ளே பால் காய்ந்து இறப்பர் உருண்டையாகிவிடும். பிறகு அது வெறும் டயர்தான், முள் குத்தினால் நின்றுவிடும். கலண்டரில் திகதி எழுதி வைத்து மறுபடி ஊற்றணும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துப் பாருங்க. 2024இல்தான் தோட்டத்து நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அதற்கு அம்மா மலையில் எத்தனை கிலோ கொழுந்து பறிக்கணும் என்று தெரிந்த பிள்ளைகள்தானே நீங்கள்.

எங்களைக் கேட்டால், கொழும்புக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு நல்ல தடிப்பான டயரும், டியூப்பும், பையில் ஒட்டுச் சாமானும் போதும். இங்கே குத்துவது ஆணியும் கண்ணாடியும் கம்பித்துண்டும்தான். தோட்டத்துப் பாதையில் நிலைமை வேறு. அங்கே கல்லில் இடித்து, ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். டியூப் இல்லையென்றால் நசுங்க எதுவும் இல்லை. காற்றைக் கொஞ்சம் குறைத்து 30 இறாத்தல் அளவில் ஓட்டலாம், ஈரப் பாதையில் பிடியும் கூடும். ஊருக்கு அனுப்புகிற சைக்கிளுக்குத்தான் இது பிரயோசனம். அனுப்பும்போது ஒரு பழைய டியூப்பையும் பம்பையும் சேர்த்தே அனுப்புங்க. பெரிய கிழிசல் விழுந்தால் பால் அடைக்காது, வால்வைக் கழற்றி டியூப்பைப் போட்டால் வீடு வந்து சேரலாம்.

மிஞ்சிய பாலைப் பற்றி ஒன்று. சில பேர் இறப்பர் பாலும் கார் ரேடியேற்றருக்கு ஊற்றுகிற கூலண்டும் கலந்து வீட்டிலேயே செய்கிறார்கள். கூலண்டில் இருக்கும் எதிலீன் கிளைக்கோல் கடும் விஷம், அதுவும் இனிக்கிற விஷம். லயத்துக் காம்பராவில் சோடாப் போத்தலில் ஊற்றி அலுமாரிக்கடியில் வைத்தால் குழந்தை எடுத்துக் குடிக்கும். களைகொல்லி விஷயத்தில் இதை எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம். கடையில் வாங்கிய போத்தலிலேயே வைத்து, மூடியை இறுக்கி, எட்டாத உயரத்தில் வையுங்க. யாராவது தெரியாமல் குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று நேரம் கடத்தாமல், போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.