சிவப்பு வெள்ளைக் கோட்டின் பின்னால் ஐந்து நாள்

(நம் சங்கத்தின் மூத்தோர் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்களுக்காகச் செயலாளர் கேட்டு வாங்கியது.)



செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். முப்பத்து நான்கு வருஷம் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்தவன் நான். காத்திருப்பவர்களின் பொறுமை எவ்வளவு நேரம் தாங்கும் என்பது தெரியும், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

"பிரான்ஸ் போய் வந்தோம்" என்றதும் லிஃப்டில் எல்லோரும் ஐஃபெல் கோபுரத்தைத்தான் கேட்டீர்கள். பார்க்கவில்லை. பாரிஸுக்கே போகவில்லை. மகள் இருப்பது தெற்கே தூலூஸில். அங்கிருந்து ரயிலேறி ஃபிஜாக் என்ற சின்ன ஊரில் இறங்கி, செலே என்ற ஆற்றை ஒட்டி ஐந்து நாள் நடந்தோம். நானும் என் மனைவியும் மட்டும். மகளுக்கு லீவு கிடைக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவள் கோவில் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது உங்களில் பலருக்குத் தெரியும். கட்டுப் பிரித்த பிறகு கை சரியாகிவிட்டது. ஆனால் தனியாக நடப்பது நின்றுபோனது. நம் பூங்காவுக்கு இறங்குவதென்றால்கூட யாராவது கூட வரவேண்டும். மகள் அனுப்பிய ஒரு படத்தைப் பார்த்து இவளேதான் "போகலாமே" என்றாள். வேண்டாம் என்று சொன்னது நான். எனக்கு அறுபத்தாறு, இவளுக்கு அறுபத்திரண்டு, மொழியும் தெரியாது. ஒரு வாரம் வாதாடினேன், தோற்றேன்.

முதலில் அந்தப் பாதைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். பிரான்ஸில் நெடுந்தூர நடைபாதைகளை 'ஜி.ஆர்.' என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் நம் நெடுஞ்சாலை போல எண் உண்டு. யுத்தம் முடிந்த கையோடு, 1947இல், ழான் லுவாசோ என்பவரின் முயற்சியால் லுவார் நதிக்கரையில் முதல் பகுதி திறக்கப்பட்டது. இன்று சிறிய பாதைகளையும் சேர்த்தால் நாடு முழுக்க 1,80,000 கிலோமீட்டருக்கும் மேல். அடையாளம் போட்டுப் பராமரிப்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பெயிண்ட் டப்பாவும் தூரிகையும் எடுத்துக்கொண்டு அவர்களே நடந்து போய் மரத்திலும் பாறையிலும் கோடு போடுகிறார்கள்.

கோட்டு மொழி எளிது. மேலே வெள்ளை, கீழே சிவப்பு, படுக்கையாக இரண்டு பட்டை இருந்தால் சரியான வழி. அதன் கீழே வளைந்த அம்பு இருந்தால் திரும்பவேண்டும். இரண்டு நிறமும் பெருக்கல் குறியாகக் குறுக்கே போட்டிருந்தால் அது வழி இல்லை. வெறும் மஞ்சள் கோடு உள்ளூர்ச் சுற்றுப்பாதை. அவ்வளவுதான் இலக்கணம். பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாதவர்களும் இதைப் படித்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

அந்தப் பாதைகளுக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு என்பது கணக்குப் பிள்ளையான எனக்குப் பிடித்தது. கிராமத்து மண்பாதைகள் ஊராட்சியின் சொத்து. பயன்படாவிட்டால் விற்றுவிடலாம், பக்கத்து வயல்காரர் சேர்த்து உழுதுவிடவும் கூடும். 1983இல் வந்த ஒரு சட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டமும் நடைபாதைகளுக்குப் பதிவேடு வைக்கிறது. பதிவேட்டில் ஏறிய பாதையை ஊராட்சி விற்க நினைத்தால் நடப்பதற்கு ஏற்ற மாற்றுவழி காட்டவேண்டும்.

ஃபிஜாக், எகிப்தியச் சித்திர எழுத்தைப் படித்துக் காட்டிய சாம்பொல்லியோன் 1790இல் பிறந்த ஊர். அவர் வீட்டருகே ஒரு முற்றத்தின் தரை முழுக்க ரொசெட்டா கல்வெட்டைப் பெரிதாகக் கருங்கல்லில் செதுக்கிப் பதித்திருக்கிறார்கள். இவள் அதன்மேல் நடக்கவில்லை. எழுத்தை மிதிக்கக்கூடாதாம். ஓரமாகச் சுற்றி வந்தாள்.

அங்கிருந்து போவது ஜி.ஆர். 65. ஸ்பெயினில் உள்ள சந்தியாகோ கோவிலுக்கு நடந்து போகும் பழைய யாத்திரைப் பாதை. பெதுவேர் என்ற கிராமத்தில் அது இரண்டாகப் பிரிகிறது. பெரும்பாலானவர்கள் நேரே போகிறார்கள். நாங்கள் பிரிந்து ஜி.ஆர். 651இல், செலே பள்ளத்தாக்கில் இறங்கினோம். ஆறு சிறியது. ஆனால் இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக நிற்கிறது. பாறைக்கு மேலே 'கோஸ்' என்ற வறண்ட மேட்டுநிலம். குட்டை ஓக் மரங்கள், சாந்து இல்லாமல் அடுக்கிய கல் சுவர்கள், கண்ணுக்கு மை தீட்டியது போலக் கறுப்பு வளையம் கொண்ட செம்மறி ஆடுகள். ஒரு காலத்தில் அங்கே திராட்சைத் தோட்டங்களும் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேர்ப்பூச்சி வந்து அழித்துவிட்டது. சுவர்கள் நிற்கின்றன, கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். பாதை ஒருமுறை ஆற்றுக்கு இறங்கும், மறுமுறை மேட்டுக்கு ஏறும். முழங்கால் உள்ளவர்கள் கவனிக்க.

இரவில் தங்குவது 'ஜீத்' என்ற விடுதிகளில். பொது அறை, வரிசைக் கட்டில், எல்லோருக்கும் ஒரே மேஜையில் ராச்சாப்பாடு. இறைச்சி வேண்டாம் என்று மகள் முன்கூட்டியே எழுதிவிட்டாள். வால்நட் போட்ட இலைக்கலவை, வட்டமான சின்ன ஆட்டுப்பால் சீஸ், முட்டை என்று ஏதாவது கிடைத்தது. இரண்டாம் நாள் இவள் பருப்புப்பொடி டப்பாவை வெளியே எடுத்தாள். எட்டுப் பேர் ரொட்டியில் தொட்டுச் சாப்பிட்டார்கள். டப்பா அன்றே காலி. மீதி நாளுக்கு எனக்கு இல்லாமல் போனதை இப்போதும் மறக்கவில்லை.

மூன்றாம் நாள். ப்ராங் என்ற ஊரிலிருந்து மர்சியாக் போகவேண்டும். மேட்டுநிலத்தில் பாதை பிரியும் இடத்தில் ஒரு மரத்தில் பெருக்கல் குறி இருந்தது. நான் பார்க்கவில்லை. இவள் பார்த்துச் சொன்னாள். நான், "அது பழசு, பாதை எவ்வளவு அகலமாக இருக்கிறது பார்" என்றேன். ஒரு மணி நேரம் நடந்தோம். ஒரு கோடும் இல்லை. பாதை ஓர் ஆட்டுப்பட்டியின் கம்பிக் கேட்டில் போய் முடிந்தது. ஃபோனில் சிக்னல் இல்லை, தண்ணீர் அரை பாட்டில்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. ஆறு கீழே இருக்கிறது, இறக்கமாகப் போனால் ஆறு வந்துவிடும், ஆற்றோடு போனால் ஊர். புதருக்குள் பத்தடி இறங்கியும்விட்டேன். இவள் வரவில்லை. "கீழே பாறை" என்றாள். "கடைசியாகக் கோடு பார்த்த இடத்துக்குத் திரும்பிப் போகவேண்டும்." நான் மேலிருந்தே வழி தெரிகிறது என்று வாதாடினேன். இவள் பதில் சொல்லாமல் முதுகுப்பையைச் சரிசெய்துகொண்டு வந்த வழியே நடக்க ஆரம்பித்தாள். தனியாக. பூங்காவுக்குத் துணை கேட்டவள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வேறு வழியில்லாமல் பின்னாலேயே போனேன். அந்த மரத்துக்கு வந்தோம். பத்தடி தள்ளி, புல் மறைத்த ஒற்றையடிப் பாதையின் ஓரத்துக் கல்லில் வெள்ளையும் சிவப்பும் இருந்தன. அதில் கொஞ்ச தூரம் போனதும் மரங்கள் விலகின. நான் இறங்கப் பார்த்த பக்கம் அப்போதுதான் தெரிந்தது. மண் இல்லை, வெறும் பாறைச் சுவர், அடியில் நூல் போல ஆறு. இவள் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு தகவல் சொல்லிவிடுகிறேன். அந்த ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் பெரும்பாலும் தண்ணீர்க் குழாய் இருக்கும். நடப்பவர்கள் அங்கேதான் பாட்டில் நிரப்புகிறார்கள். குடிக்கக்கூடாது என்று பலகை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவேண்டும். மர்சியாக் வந்ததும் நாங்களும் அதைத்தான் தேடினோம். அந்த ஊரில் ஒரு பழைய மடாலயம், பாதிக்குக் கூரை இல்லை. யுத்தங்களில் இடிந்தது. தூண்களுக்கு நடுவே வானம். அங்கே உட்கார்ந்து இரண்டு பேரும் பிஸ்கட் சாப்பிட்டோம்.

நாலாம் நாள் பாதிதான் நடந்தோம். மீதியை விடுதிக்காரர் காரில் கொண்டுவிட்டார். மறைக்க விரும்பவில்லை.

ஐந்தாம் நாள் காலை, கப்ரேரே ஊருக்கு மேலே பெஷ் மெர்ல் குகை. 1922இல் பதின்வயதுப் பையன்கள் இரண்டு பேர் தவழ்ந்து போய்க் கண்டுபிடித்தது. சுவரில் உடம்பெல்லாம் புள்ளி போட்ட இரண்டு குதிரைகள், சுமார் 29,000 வருஷத்துக்கு முந்தியவை. சுற்றிலும் கை வைத்து நிறம் ஊதிய அச்சுகள். புள்ளிக் குதிரை வெறும் கற்பனை என்றுதான் பலர் நினைத்தார்களாம். பழைய குதிரை எலும்புகளின் மரபணுவைச் சோதித்து, அப்படிப்பட்ட குதிரைகள் அந்தக் காலத்தில் நிஜமாகவே இருந்தன என்று 2011இல் சொன்னார்கள். இன்னொரு இடத்தில் களிமண்ணில் ஒரு சிறுவயதுக் காலடித் தடம் அப்படியே இருக்கிறது. குகை கெடாமல் இருக்க ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்து விடுகிறார்கள். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். உள்ளே குளிரும், ஸ்வெட்டர் வேண்டும்.

மதியம் செலே, லொட் என்ற பெரிய ஆற்றில் கலக்கும் பூசியே. அங்கே 1840களில் பாறையைக் குடைந்து ஆற்றோரம் ஒரு வழி வெட்டியிருக்கிறார்கள். தலைக்கு மேலே பாறை, காலுக்குப் பக்கத்தில் தண்ணீர். சரக்குப் படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி எதிர்நீச்சலில் இழுத்துப் போவதற்கான வழி. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ரயில் வந்துவிட்டது, படகுத் தொழில் போயிற்று. இப்போது எங்களைப் போன்றவர்கள் நடக்கிறார்கள். கைப்பிடி இல்லாத இடங்களில் நான் பாறைப் பக்கமாக ஒட்டி நடந்தேன். இவள் ஆற்றுப் பக்கம். வழி முடிந்து மேலே ஏறினால் சேன் சீர் லபோப்பி, பாறை உச்சியில் தொங்கும் கிராமம். அழகுதான், கூட்டமும் அதற்கேற்ப.

போக நினைப்பவர்களுக்கு: மே அல்லது செப்டம்பர் நல்லது, கோடையில் மேட்டுநிலத்தில் நிழல் போதாது. பெரிய பையை விடுதிக்கு விடுதி வண்டியில் அனுப்பும் வசதி உண்டு, வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள். அவசரத்துக்கு எண் 112. செலவுக் கணக்கை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். சி பிளாக், இரண்டாம் மாடி, காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள்.

அதற்கு முன்னால் வந்தால் வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன். இவள் நடக்கப் போயிருப்பாள்.