மனநோயாளர் குடும்பமும் ஊராரின் கடமையும்

(பஞ்சாயத்து அங்கத்தினர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் அயலார் சென்று விசாரிக்கின்றனர். மனநோய் என்றாலோ அவ்வீட்டு வாசலை மிதிக்கவும் தயங்குகின்றனர். நோயின் துன்பத்தோடு ஊரார் விலகிய துன்பமும் அக்குடும்பத்தை வாட்டுகிறது.

இதன் முடிவு யாது? 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் தங்கியிருந்த கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் அவர்கள் தப்ப இயலவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களுடைய குடும்பத்தாரை மட்டும் பழித்தல் முறையன்று. கைகொடுப்பார் இல்லாத குடும்பமே இத்தகைய வழியை நாடுகிறது.

2018 மே மாதம் முதல் அமலிலுள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என விதிக்கிறது. அரசு மூலம் சிகிச்சை பெறும் உரிமையையும் அளிக்கிறது. எனினும், சட்டம் தானே நடந்து வீட்டுக்கு வந்துவிடாது. அதைக் கொண்டு சேர்ப்பது நம் பொறுப்பு.

உற்றாரின் துணை எத்துணைப் பயனுடையது என்பதை நம் நாடு முன்னரே கண்டுள்ளது. 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளரின் உறவினரை வளாகத்திலேயே கூடாரமிட்டுத் தங்கச் செய்தார். அவர்களும் பராமரிக்கும் முறையைக் கற்றனர். ஆனால், வீடு திரும்பிய பின் அக்குடும்பத்துக்குத் துணை யார்? ஊரே துணையாதல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை அரியன அல்ல. சற்றுக் குணம் கண்டதும் மருத்துவரைக் கேளாது மாத்திரையை நிறுத்தினால் நோய் மீளக்கூடும். இதை அன்புடன் எடுத்துரைக்கலாம். மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் அவ்வீட்டாரின் கறவை மாட்டைக் கவனித்து, அவர்களது முறைத் தண்ணீரைப் பாய்ச்சிக் கொடுக்கலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் இடம்பெற்றுள்ளது. சான்றிதழுக்கு விண்ணப்பிக்க அங்கத்தினர் உதவலாம். 14416 என்ற தொலைபேசி எண்ணில் இரவு பகலாக மனநல ஆலோசனை கிடைக்கும். அதனைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதி வைக்கலாம். கிராம சபையில் மனநலம் பற்றிப் பேசுங்கள். எவருடைய பெயரையும் கூறாதீர்கள்.

சாலையும் விளக்கும் மட்டும் கிராம முன்னேற்றம் ஆகா. பூட்டிய கதவுக்குப் பின்னே ஒரு தாய் தன் மகனுடன் தனித்து வருந்தாத ஊரே முன்னேறிய ஊர். அத்தகைய ஊரை உருவாக்க இன்றே முற்படுவீர்களாக.